பல் கட்டப் பணம் கட்டுமுன்

(கிராமக் குடும்ப நலக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

குடும்ப நலக் கூட்டம் என்றால் பிள்ளைப் பேறு, தடுப்பூசி, அளவான குடும்பம் இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு நான் பல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். "பல்லுக்கும் குடும்ப நலத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பின்னால் ஒரு தாய் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது, அம்மா. ஒரு குடும்பம் பல வருஷமாகச் சேர்த்த பணம் ஒரே வாரத்தில் கரைந்து போகிற வழிகளில் பல் வைத்தியமும் இப்போது ஒன்றாகிவிட்டது. அந்தப் பணம் நல்லதற்குப் போகிறதா, வீணுக்குப் போகிறதா என்று புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து யோசிக்க வேண்டாமா?

கறவை மாடும் கடவாய்ப் பல்லும்

பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதியர் என்னிடம் வந்தார்கள். கணவர் கோழிப் பண்ணையில் வேலை பார்ப்பவர். கீழ்த்தாடையில் கடவாய்ப் பற்கள் இரண்டு போய்விட்டன. எலும்பில் திருகாணி வைத்து அதன் மேல் பல் கட்டுகிறார்களே, இம்ப்ளாண்ட் என்று சொல்கிறார்கள், அதை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். "மூணே நாள்ல பல்லு, ஆயுசுக்கும் கேரண்டின்னு டவுன்ல ஒருத்தர் சொன்னாருங்க. கறவை மாட்டை வித்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

அதுவரை பேசாமல் இருந்த அவர் மனைவி அப்போது ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க டாக்டர், கோழிக்குப் புதுத் தீவனம் வந்தாக்கூட எங்க முதலாளி ஒரு கொட்டாய்ல புதுசு, இன்னொரு கொட்டாய்ல பழசுன்னு போட்டுப் பார்த்துட்டுத்தானுங்க வாங்குவாரு. பல்லுக்கு மட்டும் அப்படி யாரும் பார்க்க மாட்டாங்களா?"

மருத்துவக் கல்லூரியில் பல நாள் பாடம் நடத்திச் சொல்வதை அந்த அம்மாள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதையே நான் நான்கு கேள்விகளாகப் பிரித்துத் தருகிறேன். எந்த வைத்தியத்துக்கும் இந்த நான்கும் பொருந்தும்.

ஒன்று: எத்தனை பேருக்குச் செய்து பார்த்தார்கள்?
இரண்டு: எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?
மூன்று: எத்தனை வருஷம் பார்த்தார்கள்?
நான்கு: கெட்டுப் போனதையும் சேர்த்து எண்ணினார்களா?

நாலாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். செத்த கோழியைக் கணக்கில் விட்டுவிட்டால் எந்தத் தீவனமும் நல்ல தீவனம்தான்!

திருகாணிப் பல் வந்த கதை

இம்ப்ளாண்ட் என்பது ஏமாற்று வித்தை அல்ல. சுவீடன் நாட்டில் பிரானெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1950-களின் தொடக்கத்தில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆன சிறு குழாயை வைத்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்ததும் குழாயைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. அந்த டைட்டானியத்தின் தாது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இருக்கிறது.

1965-இல் யோஸ்டா லார்சன் என்ற மனிதரின் தாடையில் பிரானெமார்க் முதன்முதலாகத் திருகாணி வைத்துப் பல் கட்டினார். லார்சன் 2006-இல் இறக்கும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்த ஆணிகள் நின்றன.

இதைக் கேட்டதும், "அப்புறம் என்ன, நல்ல வைத்தியம்தானே!" என்று தோன்றும். பொறுங்கள். லார்சன் ஒரே ஒரு ஆள். ஒரு தோட்டத்தில் ஒரு குச்சிக்கிழங்குச் செடி நன்றாக விளைந்தது என்பதற்காக ஊர் முழுக்க அந்த ரகத்தையே போடுவோமா? அந்தக் காலத்தில் வேறு பலரும் பலவித உலோகத் தகடுகளையும் ஆணிகளையும் தாடையில் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவற்றில் பல சீழ் பிடித்து ஆடி விழுந்தன. எது எத்தனை விழுந்தது என்று ஒழுங்கான கணக்கு இல்லை. அதனால் டாக்டர்களில் பெரும்பாலோர் இந்த வைத்தியத்தையே நம்பவில்லை.

நம்பிக்கையைக் கொண்டுவந்தது கணக்குத்தான். 1981-இல் பிரானெமார்க் குழுவினர் பதினைந்து வருஷத்துக் கணக்கை வெளியிட்டார்கள். வரிசையாக வந்த 371 நோயாளிகளைப் பொறுக்கி எடுக்காமல் அப்படியே கணக்கில் சேர்த்தார்கள். அவர்களில் ஐந்து முதல் ஒன்பது வருஷம் வரை தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களுக்கு மேல்தாடையில் நூற்றுக்கு 81 ஆணிகள் நின்றன. கீழ்த்தாடையில் 91 நின்றன. நின்றதைச் சொன்னது போலவே, மேல்தாடையில் 19-ம் கீழ்த்தாடையில் 9-ம் நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். 1982-இல் கனடாவின் டொரான்டோ நகரில் கூடிய மாநாட்டுக்குப் பிறகு உலகத்துப் பல் மருத்துவர்கள் இந்த முறையை ஏற்கத் தொடங்கினார்கள். ஆணியின் மேற்பரப்பும் செய்முறையும் அதன் பின் இன்னும் திருந்தியிருக்கின்றன. தகுந்த ஆளுக்கு, தகுந்த கையால் வைத்தால் இன்றைக்கு அதைவிடக் கூடுதலாகவே நிற்கிறது.

ஆனால் "ஆயுசுக்கும் கேரண்டி" என்று சொல்ல எந்த ஆராய்ச்சியும் இடம் கொடுக்கவில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆணி விழும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டுக்கு அடங்காத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். ஈறு நோயோடு இருக்கிற வாயில் ஆணி வைப்பது கரையான் அரித்த சுவரில் புதுக் கதவு மாட்டுவது போலத்தான்.

மூன்று நாள் பல்

பிரானெமார்க் ஆணி வைத்த பிறகு கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் வரை எலும்பு பிடிக்கட்டும் என்று காத்திருந்தார். அதன் பிறகே பல் கட்டினார். இப்போது சில இடங்களில் உடனே கட்டுகிறார்கள். இது சரியா?

இந்தக் கேள்விக்காகச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல நோயாளிகளைப் பிரித்துச் செய்த 26 ஆய்வுகளை 2013-இல் ஒரு சர்வதேசக் குழு தொகுத்துப் பார்த்தது. உடனே கட்டுவதற்கும் காத்திருந்து கட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னது. அப்படியானால் மூன்று நாள் பல் நல்லதுதானே என்கிறீர்களா? நம்முடைய நான்கு கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பார்த்த காலம் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். ஆணி உறுதியாக உட்கார்ந்த, நல்ல எலும்பு உள்ளவர்களுக்குத்தான் பெரும்பாலும் உடனே கட்டினார்கள். ஆகவே எல்லோருக்கும் மூன்று நாளில் கட்டலாம் என்பது அந்த ஆய்வு சொன்ன வார்த்தை அல்ல. "சில பேருக்கு முடியும்" என்பதை "உனக்கும் முடியும்" என்று மாற்றிச் சொல்வதுதான் விளம்பரம்.

கடவாய்ப் பல் இரண்டு போனால் குடி முழுகிப் போவதில்லை. கழற்றி மாட்டும் பல் உண்டு. பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டும் பல் உண்டு. சிலருக்கு ஒன்றும் கட்டாமலே சாப்பிட முடிகிறது. எல்லாப் பல்லும் விழுந்த பெரியவர்களுக்குக் கீழ்த்தாடைச் செட்டு ஆடிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு வாய் நிறைய ஆணி வேண்டியதில்லை, இரண்டே ஆணி வைத்துச் செட்டைப் பிடிப்பாக மாட்டினால் நல்ல பலன் என்று 2002-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். ஆறு ஆணி, எட்டு ஆணி என்று யாராவது கணக்குப் போட்டால், "இரண்டு போதாதா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வலிக்காத ஞானப் பல்லைப் பிடுங்கலாமா?

"கடைசிப் பல்லு கோணையா இருக்குது, நாளைக்குத் தொந்தரவு வரும், இப்பவே எடுத்துடலாம்" என்று சிலரிடம் சொல்கிறார்கள். தொந்தரவே தராத ஞானப் பல்லை எடுப்பதால் நன்மை என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவமனைகளுக்கு, நோயில்லாத ஞானப் பல்லை எடுக்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தார்கள். அந்த அறுவைச் சிகிச்சையில் கீழுதடு மரத்துப் போகிற ஆபத்தும் சிறிது உண்டு. ஆனால் அடிக்கடி வீங்குகிறது, சீழ் வைக்கிறது, அடைக்க முடியாத அளவுக்குச் சொத்தையாகிவிட்டது என்றால் தள்ளிப் போடாமல் எடுத்துவிட வேண்டும்.

பல் பிடுங்கினால் ஐந்து நாள் மாத்திரை என்பதும் அப்படித்தான். கிருமிக்கொல்லி மாத்திரையை 19 பேர் சாப்பிட்டால்தான் அதில் ஒருவருக்குச் சீழ் வராமல் தடுக்கப்படுகிறது என்று 2021-இல் தொகுத்த ஆய்வு சொல்கிறது. மற்ற 18 பேருக்கும் பலன் இல்லை, வயிற்றுக் கோளாறு வந்தாலும் வரலாம். ஆகவே உடம்பு நன்றாக இருப்பவர்கள் மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். இருதயக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் கொடுத்தால் அதை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

"மாசமா இருக்கிற புள்ளைக்குப் பல்லுல கை வைக்கக் கூடாது" என்று மாமியார்மார்கள் சொல்வதுண்டு. பயத்தில் சொல்கிறார்கள், குற்றம் சொல்ல வேண்டாம். ஆனால் இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஈறு நோய் உள்ள 823 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கர்ப்ப காலத்திலேயே ஈறு சிகிச்சை, மற்றதற்குப் பிரசவத்துக்குப் பிறகு. 2006-இல் முடிவு வந்தது. சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குக் குறைமாதப் பிரசவம். பெறாதவர்களில் நூற்றுக்கு 12.8. அதாவது வித்தியாசம் இல்லை.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ஈறு சிகிச்சை செய்ததால் குழந்தைக்குக் கெடுதல் வரவில்லை. ஆகவே பயம் வேண்டாம். அதே சமயம், "பல்லைச் சுத்தம் செய்தால் குறைமாதப் பிரசவம் வராது" என்று யாராவது காசு கேட்டால் அதையும் நம்ப வேண்டாம். வலிக்கும் பல்லோடு, சாப்பிட முடியாமல் ஒரு கர்ப்பிணி தவிக்கத் தேவையில்லை. நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம். சீழ் வைத்து வீங்கியிருந்தால் எந்த மாதமும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மருந்து தருவார். இம்ப்ளாண்ட் போன்ற அவசரமில்லாத வேலையைப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லு போகும்" என்பது வெறும் பேச்சு. குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதில்லை. கவனிக்காத சொத்தையும் ஈறு நோயும்தான் பல்லைக் கொண்டு போகின்றன.

வாணியம்பாடி சொன்ன பாடம்

இப்போது சொல்லப் போவதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2022-23-இல் நம் மாநிலத்தின் வட மாவட்டங்களிலிருந்து சிலர் கடுமையான மூளைத் தொற்றோடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தார்கள். மண்ணிலும் ஈரத்திலும் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் அது. மருத்துவர்கள் ஒவ்வொருவரையும் எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள் என்று விசாரித்தபோது, அவர்களில் பத்துப் பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். வாய் கழுவும் சலைன் பாட்டிலை அறுவைக் கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதை 2025-இல் வெளியிட்டார்கள்.

இங்கேதான் நம் நாலாவது கேள்வி நிற்கிறது.  யாராவது சேர்த்து எண்ணாமல் இருந்திருந்தால், ஒவ்வொரு வீட்டிலும் "விதி" என்று சொல்லிவிட்டு இருந்திருப்பார்கள். எண்ணியதால்தான் காரணம் தெரிந்தது.

ஆகவே எந்த ஆணி, எந்த நாட்டுக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால் சுத்தத்தைக் கேளுங்கள். பதிவு பெற்ற பல் மருத்துவரா? கருவிகள் நீராவியில் சுத்தம் செய்து பொட்டலமாக வருகின்றனவா? சலைன் பாட்டில் எனக்கென்று புதிதாகத் திறக்கிறீர்களா? கையுறை மாற்றுகிறீர்களா? கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காசில்லாத வைத்தியம், கனமான ஆதாரம்

இவ்வளவு நேரம் பெரிய செலவுகளைப் பற்றிப் பேசினோம். இனி உறுதியான ஆதாரம் உள்ள ஒரு காரியத்தைச் சொல்கிறேன். அதற்குப் பைசா செலவில்லை.

1996-இல் பக்கத்து மாநிலத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் மொத்தம் 1,91,873 பேர். ஏழு பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்துக் கண்ணால் பார்த்தார்கள். ஆறு பகுதிகளில் வழக்கமான கவனிப்பு மட்டும். கோழிக் கொட்டாய்க் கணக்கேதான்! 2005-இல் முடிவு வெளியானது. புகையிலை போடுகிறவர்கள், குடிக்கிறவர்கள் இடையே வாய்ப் புற்றுநோயால் இறப்பது, வாயைப் பார்த்த பகுதிகளில் நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. அந்தப் பழக்கங்கள் இல்லாதவர்களிடம் அப்படிப் பலன் தெரியவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள்.

எத்தனை பேர்? இரண்டு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட. எதோடு ஒப்பிட்டு? பார்க்காத பகுதியோடு. எத்தனை காலம்? ஏறக்குறைய ஒன்பது வருஷம். இறந்தவர்களை எண்ணினார்களா? எண்ணினார்கள். நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் நம் சேலம், நாமக்கல் கிராமங்களிலும் இருக்கிறது. அடக்குகிறவர்கள் வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் சரியாகத் திறக்காமை, இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே காட்டுங்கள்.

முதலில் சொன்ன கோழிப் பண்ணைக்காரரின் வாயைச் சோதித்தபோது இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. புகையிலை அடக்கும் அதே இடம். அவர் வந்தது பல்லுக்காக. உயிருக்கு ஆபத்தானது பக்கத்தில் இருந்ததை அவர் அறியவில்லை. அரசு மருத்துவமனைக்கு அனுப்பிச் சிறு சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோயாக மாறவில்லை என்று தெரிந்தது. "இனி புகையிலையைக் கையில தொட்டா நான் சோறு போடமாட்டேன்" என்று அந்த அம்மாள் என் முன்னாலேயே சொல்லிவிட்டார். புகையிலையை விட்டார். ஈறு சுத்தம் செய்துகொண்டார். கழற்றி மாட்டும் பல் போட்டிருக்கிறார். ஆணிப் பல்லை ஒரு வருஷம் கழித்து யோசிக்கலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். மாடு தொழுவத்தில் இருக்கிறது.

கணவன்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அம்மாளின் வாயிலும் இரண்டு சொத்தை இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டில் ஆண் பிள்ளைக்குப் பல் போனால் கட்டுகிறோம், பெண்ணுக்குப் போனால் பிடுங்கி எறிகிறோம். அடுத்த முறை வரும்போது ஜோடியாக வாயைக் காட்டிவிட்டுப் போங்கள்.

நினைவில் கொள்க

பெரிய செலவுக்கு முன் நான்கு கேள்விகளையும் கேளுங்கள்: எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டு, எத்தனை வருஷம், கெட்டதையும் எண்ணினார்களா.

பணம் கட்டுமுன் இன்னொரு பல் மருத்துவரிடமும் கேளுங்கள். அரசு மருத்துவமனைப் பல் பிரிவு இருக்கிறது. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

மாட்டை விற்றோ, குழுக் கடன் வாங்கியோ அவசரப்பட்டுப் பல் கட்டாதீர்கள். பல் காத்திருக்கும்.

வாயில் ஆறாத புண்ணும் திட்டும் காத்திருக்காது. அன்றே காட்டுங்கள்.

கணவன், மனைவி இருவரும் கேட்டு, இருவரும் பேசி, இருவரும் முடிவு செய்யுங்கள்.